யில்மாஸ், ஒன்பது பேர்

ஜுபைலில் அந்தத் துருக்கிக் கம்பெனியின்
சம்பளப் பட்டியலில் ஒன்பது யில்மாஸ்.
ஒருவருக்கொருவர் உறவில்லை.
கிரேன் யில்மாஸ், வெல்டிங் யில்மாஸ்,
மெஸ்ஸில் பருப்பு சூப் கிண்டும் யில்மாஸ்.
பிப்ரவரியில் ஒருத்தன் ஓவர்டைம்
இன்னொருத்தன் கணக்கில் விழுந்து
இருவரும் என் மேசைமுன் நின்று சிரித்தார்கள்.
தொகையைச் சொன்னேன்.
பிறகு சிரிக்கவில்லை.

என் பெயர் பூவலிங்கம்.
இங்கே யாருக்கும் அது தெரியாது.
குடும்பப் பெயர் என்ற கட்டத்தில்
திருச்சி ஏஜெண்ட் அப்பா பெயரை நிரப்பினான்.
நான்கு வயதில் எங்களை விட்டுப் போன ஆளின் பெயருக்குப்
பதினோரு வருஷமாக நான் திரும்பிப் பார்க்கிறேன்.
மிஸ்டர் சங்கிலி,
டைம்ஷீட் எங்கே, மிஸ்டர் சங்கிலி.

சர்வேயர் ஒனுர் யில்மாஸ் சிவாஸ்காரன்,
இருபத்தாறு வயது.
ஜெனரேட்டர் நின்ற ஒரு ராத்திரி
டைம்ஷீட்டின் முதுகில்
தன் பெயரை இரண்டாக உடைத்துக் காட்டினான்.
முன்பாதி மிரள்வது.
பின்பாதி மாட்டேன் என்பது.
மிரளான், என்றேன் நான்.
எங்களிடமும் உண்டப்பா,
வினைக்குள்ளேயே இல்லையை ஒளித்துவைக்கிற வித்தை.
அஞ்சான். துவளான்.
வாரான்.
கடைசிச் சொல்லை அம்மாவிடம் கேட்டது.
அதை அவனிடம் சொல்லவில்லை.

அந்தப் பெயரின் இகரத்துக்கு மேலே புள்ளி கிடையாதாம்.
உதட்டைக் குவிக்காமல் ஓர் உகரம் சொல் என்றான்.
நாக்கு, மூக்கு, கணக்கு
என்று முடிக்கும்போது
நாங்கள் பாதியில் விட்டுவிடுகிற ஒலிதான்.
முதல் தடவையே சரியாக வந்தது.
நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான்.
சம்பள சாஃப்ட்வேர் மட்டும் விடாமல் புள்ளி வைக்கும்.
எங்களூரில் புள்ளி வைத்தால்
எழுத்தின் உயிர் போய்விடும் என்றேன்.
கொஞ்சம் யோசித்து,
எனக்கும் அப்படித்தான் இருக்கிறது என்றான்.

முப்பத்து நான்கில் சட்டம் வந்ததாம்,
எல்லோருக்கும் ஒரு குடும்பப் பெயர்.
(ஏறக்குறைய அதே காலத்தில் எங்கள் பக்கம்
சிலர் பெயரின் வாலை அறுத்துக்கொண்டிருந்தார்கள்.)
ஒனுரின் பூட்டன் ஆற்றின் பெயர் கேட்டுப் போனார்.
அது காலையிலேயே தீர்ந்துவிட்டது.
குமாஸ்தா நிமிராமல் கேட்டான்:
ஓநாய்க்குப் பயமா?
இல்லை.
பனிக்கு?
இல்லை.
வரி வசூலிக்க வருகிறவனுக்கு?
பூட்டன் பேசவில்லை.
யில்மாஸ் என்று எழுதிவிட்டான்.
பின்னால் நின்றவனுக்கும் அதுவே,
அவன் மச்சானுக்கும் அதுவே.
மை காய்வதற்குள் தெருவே மிரளாதவர்கள்.

இஸ்தான்புல் பஸ்ஸில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால்
பாதி பஸ் திரும்பும் என்றான்.
கொஞ்சம் கூட்டித்தான் சொல்லியிருப்பான்.
ஆனாலும் யோசித்தேன்,
எவ்வளவு பயம் இருந்திருந்தால்
ஒரு நாட்டுக்கு இத்தனை மிரளாதவர்கள் தேவைப்பட்டிருக்கும்.

ஆகஸ்ட்.
மூன்று மாதமாகச் சம்பளம் இல்லை.
ஆள்குறைப்புப் பட்டியலை அடிக்கச் சொன்னார்கள்.
ஆங்கில அகரவரிசை என்பதால்
ஒன்பது யில்மாஸும் கடைசியில், தோளோடு தோள்.
மெஸ் யில்மாஸ் தாளைப் பார்த்துவிட்டு
சூப் அண்டாவைக் கழுவப் போனார்.
அரைமணி நேரம் கழுவினார்.
ஒனுருக்குப் பேனா பிடிக்க வரவில்லை,
கை அப்படி ஆடியது.
மிரளான், என்றேன் மெதுவாக.
மிரள்கிறேன், என்று அவன் மொழியில் சொன்னான்.
பின்பாதியைக் காணோம்.

அன்றிரவு வெள்ளை மை பாட்டிலைத் திறந்து
ஒன்பது கணக்குத் தாளிலும்
அந்த ஒரு புள்ளியை எடுத்தேன்.
செட்டில்மெண்ட் தொகையில்
என்னால் எதையும் கூட்ட முடியாது.

அவர்களுக்குச் சில வரி மேலே, எஸ் எழுத்தில்,
சங்கிலி.
அதையும் நான்தான் அடித்திருந்தேன்,
பிழையில்லாமல்.

தம்மாம் விமான நிலையம்.
கவுண்டரில் கூப்பிட்டார்கள்,
மிஸ்டர் சங்கிலி, மிஸ்டர் சங்கிலி.
வாரான்
என்று சொல்ல வந்த வாயை மூடிக்கொண்டு
பெட்டியைத் தள்ளினேன்.